சுடுநீர் என்று எழுதிய ஒரே ஆள்

போன மாதம், நான் ஓய்வு பெற்ற தொழிற்சாலையிலிருந்து நிர்மலா அழைத்தாள். பயிற்சிப் பிரிவில் இருக்கிறாள். கெட்டிக்காரப் பெண், பேச்சில் மரியாதை குறையாது.

"ரெஜினாக்கா, புது ஆளுங்களுக்குப் புரதம் மடிக்கிறதப் பத்தி டிரெய்னிங் குடுக்கிறோம். உங்க காலத்துல நடந்த ஒரு கேஸையும் ஸ்லைடுல போட்டிருக்கேன். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன். டெக்னிக்கலா ஏதும் தப்பா இருந்தா அசிங்கமாயிடும்லா."

வாட்ஸ்அப்பில் படம் வந்தது. தலையுறை மாட்டிய ஒரு பெண். கையில் ஆவி பறக்கும் கெண்டி, முகத்தில் அசட்டுச் சிரிப்பு, தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறி. கணினியே வரைந்து கொடுத்த படமாம். பக்கத்தில் மூன்று வரிகள். "ஆப்பரேட்டர் செய்முறையை மீறி யூரியாவைச் சூடாக்கினார். மூலக் காரணம்: மனிதத் தவறு. பாடம்: விழிப்புடன் இருப்போம்."

டெக்னிக்கலாக ஒரு தப்பும் இல்லை. யூரியாவைச் சூடாக்கக் கூடாது, உண்மைதான். அது தவிர மற்றதெல்லாம் பொய். அதை நிர்மலாவிடம் சொன்னேன்.

"அப்படியாக்கா? ஃபைல்ல இப்படித்தானே இருக்கு."

இருக்கும். அந்தக் கோப்பு உருவானபோது நான் விசாரணை அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதும் இனிய நினைவுகளை எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த இடத்திலேயே விடைபெறலாம்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது மலேசியாவில், ஜொகூரின் பெக்கான் நானாஸ். அப்பா அன்னாசிப்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் இருந்தார். கோலாலம்பூரில் உயிர்வேதியியல் படித்தேன். பிறகு ஏழு ஆண்டுகள் சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை. தினமும் எல்லைப் பாலத்தில் வரிசையில் நின்று நின்று, கடப்பிதழில் முத்திரை குத்த இடமில்லாமல் செய்ததுதான் அந்த ஏழு ஆண்டுகளில் என் சாதனை. கூலாய்க்குப் பக்கத்தில் இந்தத் தொழிற்சாலை திறந்ததும் வந்து சேர்ந்தேன். கரைசல் தயாரிப்புக்கும் புரதம் மடிக்கும் பிரிவுக்கும் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றேன். பயிற்சி, பதவி உயர்வு, விருந்து எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

நாங்கள் செய்தது மனிதப் புரதம். கீமோ சிகிச்சையில் வெள்ளணுக்கள் குறைந்துபோனவர்களுக்குப் போடும் ஊசி மருந்தின் மூலப்பொருள். அந்தப் புரதத்துக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, எஃகுத் தொட்டிகளில் வளர்ப்போம். பாக்டீரியா சோம்பேறி அல்ல. சொன்ன புரதத்தை மூட்டை மூட்டையாக உற்பத்தி செய்யும். ஆனால் அதற்கு அதைச் சரியாக மடிக்கத் தெரியாது. புரதம் ஒரு நீளமான சங்கிலி. தனக்குரிய வடிவத்தில் மடிந்தால்தான் அது மருந்து. மடியாவிட்டால் விலை உயர்ந்த கழிவு. பாக்டீரியாவை உடைத்து, சுழற்றிப் பிரித்து, கழுவி எடுத்தால் நமக்குக் கிடைப்பது ஈரச் சுண்ணாம்பு போன்ற ஒரு வெள்ளைக் கட்டி. உள்ளே கோடிக்கணக்கான சங்கிலிகள் தாறுமாறாகச் சிக்கிக் கிடக்கும்.

அந்தச் சிக்கலை அவிழ்க்க, கட்டியை அடர்த்தியான யூரியாக் கரைசலில் கரைப்போம். கூடவே இன்னொரு வேதிப்பொருள் சேர்ப்போம். அது சங்கிலிகளுக்கு இடையே தவறாக விழுந்த கந்தகப் பிணைப்புகளை வெட்டும். அதன் நாற்றம் வீடு வரை தலைமுடியில் கூடவே வரும். என் கணவர் இத்தனை வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனிதர், அல்லது மூக்கில் கோளாறு.

பிறகுதான் மடித்தல். அவிழ்ந்த புரதத்தை, நாலு டிகிரிக் குளிரில் இருக்கும் பெரிய தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். யூரியா நீர்த்துப்போகப் போக, சங்கிலி தன் வடிவத்தைத் தானே தேடி மடிந்துகொள்ளும். அவசரப்பட்டு விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொட்டி முழுக்கப் பால் நிறமாகிவிடும், சாக்கடையில் கொட்ட வேண்டியதுதான். நுரை எழும்பக் கலக்கக் கூடாது. நாளை மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொட்டியைப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே நடப்பதாகத் தெரியாது. மேலாளர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காத காட்சி அது.

யூரியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், விவகாரமே அதில்தான். எண்ணெய்ப் பனைக்கு உரமாகப் போடும் அதே யூரியா, நன்றாகச் சுத்தம் செய்தது. தண்ணீரில் கொட்டினால் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். இருபத்திரண்டு டிகிரியில் தொடங்கும் தொட்டி பத்துக்கும் கீழே இறங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் தொட்டியின் வெளிப்புறம் வியர்த்து ஊற்றும். குளிர்ந்த தண்ணீரில் மிச்ச யூரியா கரைய அடம்பிடிக்கும். மொத்தம் நாலு மணி நேரம் ஆகும்.

தொட்டியைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அதற்குள் சுடுநீரை ஓடவிட்டால் ஒரே மணி நேரத்தில் எல்லாம் கரைந்துவிடும். விடக் கூடாது. சூடுபட்ட யூரியாவில் ஒரு பகுதி சயனேட்டாக மாறும். சயனேட் புரதத்தின் மேல் போய் ஒட்டும், ஒட்டினால் பிறகு எடுக்க வழியில்லை. இதில் மோசம் என்னவென்றால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தொட்டி பால் நிறமாகாது. கண்ணாடி மாதிரித் தெளிவாகவே இருக்கும். கடைசியில் பகுப்பாய்வு வரைபடத்தில், செங்குத்தாக எழும்பி நிற்கும் சிகரத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு தோள்பட்டை தெரியும். அவ்வளவுதான் அடையாளம்.

அதற்காகவே பதிவேட்டில் ஒரு கட்டத்தை நான் சேர்த்து வைத்திருந்தேன்: "கரையும்போது தொட்டி இறங்கிய மிகக் குறைந்த வெப்பநிலை." எட்டு, ஒன்பது என்று எழுதியிருந்தால் யூரியா முறைப்படி கரைந்தது என்று பொருள்.

நான் ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருந்தபோதுதான் டாக்டர் சிவநேசன் ஆலை மேலாளராக வந்தார். எதில் டாக்டர் என்று நான் கேட்டதில்லை, அவருடைய பெயர்ப்பலகையும் சொன்னதில்லை. குரலை உயர்த்தி ஒரு நாளும் பேச மாட்டார். செவ்வாய்க்கிழமைதோறும் எல்லாப் பிரிவுக்கும் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கி வருவார். யார் வீட்டில் எந்தப் பிள்ளை பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறது என்பது அவருக்கு மனப்பாடம். "நம்மெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். அதை அவர் சொல்லும்போதெல்லாம் யாரோ ஒருவருக்கு அடுத்த வாரம் கூடுதல் வேலை வரும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதையும் எழுத மாட்டார். மின்னஞ்சலுக்குப் பதில் போட மாட்டார், நேரில் வந்து நிற்பார். உத்தரவுகள் எல்லாம் நடைபாதையில், பாதி திரும்பிய உடம்போடு, கதவுப் பிடியில் கை வைத்தபடி வரும். கடைசியில் "பாத்துக்குங்க" என்று ஒரு சொல். வேலை நன்றாக முடிந்தால் அது அவர் சொன்னபடி நடந்தது. கெட்டுப்போனால் நீங்கள் பார்த்துக்கொண்ட லட்சணம்.

ஒரு நாள் கரைசல் அறைக்கு வந்து, வியர்த்து ஊற்றும் தொட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"ரெஜினா, இதக் கரைக்க நாலு மணி நேரமா? எங்க மாமியார்கூட தே ஓவுக்குச் சீனிய இதவிட வேகமாக் கலக்குவாங்க."

"இது சீனி இல்ல டாக்டர்" என்று சொல்லி, சயனேட் கதையை விளக்கினேன்.

"கொஞ்சமா வெதுவெதுப்புக் காட்டுனா? ஒரு அம்பது டிகிரி?"

"கூடாது. கண்டிப்பா வேணும்னா மாற்றம் கேட்டு எழுத்துல குடுங்க. சின்ன அளவுல செஞ்சு பாத்துச் சொல்றேன். மூணு மாசம் ஆகும்."

"ஓகே லா, ஓகே லா. உங்க டிபார்ட்மெண்ட். நீங்க சொன்னாச் சரி."

சிரித்துக்கொண்டே போனார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். வாதாடாமல் போகிறவர் ஒப்புக்கொண்டு போகிறார் என்று எண்ணியது, முதுகலைப் பட்டம் வாங்கிய என் முட்டாள்தனம்.

இனி தனலெட்சுமி. பண்டார் தெங்காராவிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் வருபவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். கரைசல் அறையில் பதினோரு ஆண்டு அனுபவம். எஸ்.பி.எம். வரை படித்தவர். ஆனால் யூரியா மூட்டையைப் பிரித்துக் கையில் எடுத்துப் பார்த்தே ஈரம் ஏறியதா இல்லையா என்று சொல்லிவிடுவார், ஆய்வகம் அதை மறுநாள் உறுதிப்படுத்தும். பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவார், எழுத்து அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கும்.

அந்த ஆண்டு அவருக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. இரண்டு மாத விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியது ஒரு வியாழக்கிழமை. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. வியாழன் என்றால் எல்லாருக்கும் காலில் சக்கரம் கட்டியது போல இருக்கும்.

சிஃப்ட் தலைவர் கணேசன் அவரிடம் சொன்னது: "அக்கா, உறைக்குச் சுடுதண்ணியத் தொறந்து விடுங்க."

"சுடுதண்ணியா? யாரு சொன்னது?"

"பாஸ்தான். ரெண்டு மாசமா இப்படித்தான் ஓடுது. நீங்க லீவுல இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியாது."

தனலெட்சுமி நம்பவில்லை. வெளியே வந்து, நடைபாதையில் போய்க்கொண்டிருந்த டாக்டர் சிவநேசனையே நிறுத்திக் கேட்டார். "ஆமா தனம்மா, லீவு வருதுல்ல. பாத்துக்குங்க" என்றார் அவர், வழக்கம்போலக் கதவைத் திறந்தபடி.

தனலெட்சுமி உள்ளே போய்ச் சுடுநீரைத் திறந்தார். பிறகு மற்ற சிஃப்டுகளில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். நடந்ததைப் பதிவேட்டில் எழுதினார். ஆங்கிலத்தில் அவர் எழுதியதைத் தமிழில் சொன்னால்: "உறையில் சுடுநீர், 50 டிகிரி. கரைய எடுத்த நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம்."

அன்றைக்கென்று, கட்டியைப் பிரிக்கும் சுழல் இயந்திரம் மக்கர் செய்தது. யூரியா அந்தச் சூட்டிலேயே மதியம் வரை காத்துக் கிடந்தது. புரதம் மடிந்தது, தொட்டி தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வரைபடத்தில் தோள்பட்டை அனுமதித்த எல்லையைத் தாண்டிவிட்டது. தர உறுதிப் பிரிவு பதிவேட்டைப் புரட்டியது. முதல் பக்கத்திலேயே, அழுத்தமான எழுத்தில், ஒப்புதல் வாக்குமூலம் போல அந்த வரி.

விசாரணைக் கூட்டத்தில் தர உறுதிப் பிரிவின் அதிகாரி, டாக்டர் சிவநேசன், கணேசன், நான், மேசையின் கடைசியில் தனலெட்சுமி.

"தனம்மா, யூரியாவச் சூடாக்கலாம்னு செய்முறைல இருக்கா?" மேலாளர் மிக அன்பாகத்தான் கேட்டார்.

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் சூடாக்குனீங்க?"

"நீங்கதானே சார் சொன்னீங்க. காரிடார்ல."

அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் தெரிந்தது. "சீக்கிரம் முடிங்கன்னு சொல்லியிருப்பேன். சுடுதண்ணினு என் வாயால சொன்னேனா? நல்லா யோசிங்க. ஆப்பரேஷன் பண்ண உடம்பு, கொஞ்சம் மறதி இருக்கும்."

"கர்ப்பப்பையத்தான் சார் எடுத்தாங்க" என்றார் தனலெட்சுமி.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலாளர் சொன்னார் என்று பதிவேட்டில் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

"வெப்பநிலைக்குக் கட்டம் இருந்துச்சு, எழுதினேன். யாரு சொன்னாங்கன்னு எழுதக் கட்டம் இல்லையே."

நான் கணேசனைப் பார்த்து, மற்ற நாட்களில் எப்படி நடந்தது என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தபடியே, "எங்க சிஃப்ட்ல எப்பவும் ரூம் டெம்பரேச்சர்தான் மேடம்" என்றார். தனலெட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

படிவத்தில் மூலக் காரணத்துக்கு நாலு கட்டங்கள்: மனிதர், இயந்திரம், பொருள், முறை. எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற மூன்றில் எதை டிக் செய்தாலும் மேலிடத்துக்குச் செலவு, வேலை, கேள்வி. மனிதர் என்று டிக் செய்தால் ஒரு மணி நேர மறுபயிற்சியோடு முடிந்துவிடும், இல்லாவிட்டால் ஒருவர் வீட்டுக்குப் போவதோடு. டாக்டர் சிவநேசன் பேனாவை என்னிடம் நீட்டினார். பிரிவுத் தலைவி நான்தானே, டிக் செய்ய வேண்டியவளும் நான்தான். "ரெண்டு நாள் வேணும்" என்றேன்.

என் அறைக்குப் போய் முந்தைய இரண்டு மாதத்துப் பதிவேடுகளை எடுத்தேன். எட்டு பேட்ச். எட்டிலும் "மிகக் குறைந்த வெப்பநிலை" கட்டத்தில் இருபத்திரண்டு என்று இருந்தது. எட்டிலும் கரைய நாலு மணி நேரம், பிசகாமல். யூரியா கரையும் தொட்டி இருபத்திரண்டிலேயே நிற்கிறது என்பது, ஐஸ் மைலோ நாக்கைச் சுட்டது என்பதைப் போல. அந்தக் கட்டத்தை உருவாக்கியவள் நான். எட்டுப் பக்கங்களின் அடியிலும் "சரிபார்த்தேன்" என்று இருந்த கையெழுத்தும் என்னுடையது. பொய் எழுதியவர்கள் மேல் வந்த கோபம், அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் போக்கிடமில்லாமல் நின்றது.

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் எடுத்து வைக்கும் மாதிரிகள் குளிரறையில் இருந்தன. எட்டையும் நானே பகுப்பாய்வில் ஓட்டினேன். எட்டிலும் அந்தத் தோள்பட்டை. எல்லைக்குள்தான், ஆனால் அதற்கு முந்தைய பேட்சுகளில் அது இல்லவே இல்லை.

வரைபடம் மட்டும் போதாது, யூரியா மட்டமான சரக்கு என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். கொதிகலன் பிரிவுக்கு நடந்தேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் பாக் மாட், பேச்சு குறைந்த மலாய்க்காரர். எங்கள் அறையிலிருந்து சுடுநீர் கேட்டு யாராவது அழைத்ததுண்டா என்று கேட்டேன்.

"செலாலு, புவான்" என்றார். எப்போதுமே.

சட்டைப் பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்தார், மளிகைக் கடைகளில் தொங்குமே, அந்தக் குட்டி நோட்டு. சுடுநீருக்காக இரண்டாவது ஹீட்டரைப் போட்டால் மின்கட்டணம் ஏறும், கேள்வி வரும். ஆகவே யாரும் கேட்காமலே தனக்காகக் குறித்து வைத்திருந்தார்: தேதி, நேரம், தொட்டி எண். ஒன்பது வரிகள். கடைசி வரி தனலெட்சுமியின் வியாழக்கிழமை. ஒன்பதும் எங்கள் ஒன்பது பேட்சுகளோடு பொருந்தின. தொழிற்சாலையின் தோல் அட்டை போட்ட, எண்ணிட்ட, பூட்டி வைத்த பதிவேடுகள் அனைத்தையும்விட அந்தக் குட்டி நோட்டில் உண்மை அதிகம் இருந்தது.

அறிக்கையை எழுதினேன். ஒன்பது பேட்ச், வாய்மொழி உத்தரவு, பொய்ப் பதிவுகள், கவனிக்காமல் போட்ட என் கையெழுத்துகள். மூலக் காரணத்தில் "முறை" என்று டிக் செய்தேன். கையில் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை, கறிபாப் நாள். தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நிதானமாகப் படித்தார். "ஒம்பது பேட்ச்னு எழுதுனா என்ன ஆகும்னு தெரியுமா ரெஜினா? மூணு ஏற்கெனவே வெளிய போயிடுச்சு. திருப்பி வாங்கணும். மினிஸ்ட்ரி வரும். நம்ம அறுபது பேர் குடும்பம்…"

"தெரியும்."

"எட்டும் லிமிட்டுக்குள்ளதானே இருக்கு?"

"யூரியாவச் சூடாக்க மாட்டோம்கிற நம்பிக்கைல வச்ச லிமிட் அது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த எட்டுலயும் உங்க சைன் இருக்கு." மிரட்டல் அவர் குரலில் விசாரிப்பு போலத்தான் வரும்.

"இருக்கு. நாலாவது பக்கத்துல அதையும் எழுதியிருக்கேன்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எல்லாம் தனத்துக்காகத்தானே? தனம்மா நேத்தே ரிசைன் பண்ணிட்டாங்களே."

இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். தட்டச்சு செய்த கடிதம், பிழையில்லாத ஆங்கிலம். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன். கீழே, தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திய தனலெட்சுமியின் கையெழுத்து. வேலையிலிருந்து நீக்கினால் எங்கும் வேலை கிடைக்காது, தானாக விலகினால் நல்ல சான்றிதழ் கிடைக்கும், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். எதையும் எழுதாத மனிதர் எனக்குத் தெரிந்து எழுத்தில் தயாரித்த ஒரே ஆவணம் அதுதான்.

அறிக்கையைப் பதிவு செய்தேன். ஆறு பேட்சுகள் அழிக்கப்பட்டன, மூன்றைத் திரும்பப் பெறக் கடிதங்கள் போயின. சில பெட்டிகள் வந்தன, சில வரவில்லை. கணேசனுக்கும் மற்ற சிஃப்ட் தலைவர்களுக்கும் எச்சரிக்கை. எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம், நியாயமானது. டாக்டர் சிவநேசன் வடக்கே இன்னொரு ஆலைக்கு மாற்றப்பட்டார், இதைவிடப் பெரிய பதவிக்கு. பிரிவு உபசாரத்தில் அவரைப் பற்றி ஒரு காணொளிகூடப் போட்டார்கள். குடும்பம்தானே.

தலைமையகத்தில் யாரோ ஒருவர் கோப்பை முடித்து வைத்தபோது மேலே ஒரு பக்கச் சுருக்கம் சேர்த்தார். "ஆப்பரேட்டர் செய்முறையை மீறினார். மனிதத் தவறு. ஆப்பரேட்டர் பணியில் இல்லை." என் அறிக்கை பின்னிணைப்பாகப் போனது. கோப்பைத் திறக்கிறவர்கள் முதல் பக்கத்தோடு மூடிவிடுகிறார்கள், நிர்மலாவைப் போல. அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தனலெட்சுமியைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனிதவளப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினேன். அவராகவே விலகியவர் என்று இரண்டு முறையும் பதில் வந்தது. மூன்றாவது முறை எழுதவில்லை. அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் அதே தொழிற்சாலையில் வேலை செய்து, சுவர்க் கடிகாரமும் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

போன வாரம் தனலெட்சுமியைப் பார்க்க ஆயர் ஈத்தாம் போனேன். நெடுஞ்சாலையோரம் வரிசையாக இருக்கும் மண்பாண்டக் கடைகள் ஒன்றில் வேலை செய்கிறார். பூந்தொட்டிகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"கெண்டிலயா? கெண்டில எந்தப் பைத்தியம்க்கா யூரியா கலக்கும்? ஆயிரம் லிட்டர் தொட்டி!" சிரித்துவிட்டார். "என்னைவிட அழகாத்தான் இருக்கா, போங்க."

"நடந்ததை எழுதப் போறேன் தனம். உங்க பேரைப் போடலாமா? வேண்டாம்னா மாத்திடுறேன்."

"போடுங்க. அதுக்கென்ன பயம்?" ஒரு தொட்டியைச் சுற்றி முடித்து, தாளின் ஓரத்தை உள்ளே மடித்தார். "எங்க வீட்டுக்காரர்கிட்டகூட, கம்பெனிக்கு வந்து சத்தம் போடுவார்னு, நானாத்தான் விட்டேன்னு சொல்லி வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் அப்படியே நெனச்சுக்கிட்டுத்தான் போய்ச் சேந்தாரு. இனிமே யாருக்கு மறைக்கணும்?"

சிங்கப்பூர் வண்டி ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி ஒரு பெரிய ஜாடிக்கு விலை கேட்டார்கள். தனலெட்சுமி எழுந்து போய், ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசி, ஜாடியைத் தட்டிச் சத்தம் காட்டி, விற்றுவிட்டு வந்து உட்கார்ந்தார். கையில் ஒட்டிய மண்ணைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. மூணு பேட்ச் வெளிய போயிருச்சுன்னு கம்பெனி பஸ்ல போறவங்க சொன்னாங்க. அந்த மருந்தப் போட்டுக்கிட்டாங்கள்ல, கேன்சர்காரங்க. அவங்கல்லாம் என்ன ஆனாங்க?"

அளவு எல்லைக்குள் இருந்தது, பெரும்பகுதி சரியாகவே மடிந்திருந்தது, பாதிப்பு இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று ஒரு பதில் எனக்குள் தயாராக எழுந்தது. கூட்டங்களில் சொல்லப் பழகிய பதில்.

"தெரியல தனம்."

"யாரும் போய் விசாரிக்கலையா?"

அந்த விவகாரத்துக்காக நாலு கூட்டங்கள் நடந்தன. யார் சூடாக்கியது, யார் எழுதியது, யார் கையெழுத்துப் போட்டது, எத்தனை பெட்டி திரும்பி வந்தது என்று மணிக்கணக்கில் கேட்டோம். நாலிலும் நான் உட்கார்ந்திருந்தேன்.

"கேக்கல" என்றேன். "நானும் கேக்கல."